கொல்லப்படும் உயிரிடத்துக் கருணை: இறைச்சிக்கூட விதிகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

உயிர்க்கொலையை விலக்குதல் ஓர் அறம். கொலை விலக்கப்படாத இடத்தில் உயிர்படும் துன்பத்தைக் குறைத்தல் மற்றோர் அறம். முன்னதைத் தமிழ் அறநூல்கள் விரித்துரைத்துள்ளன. பின்னதை இக்காலச் சட்டங்கள் வலியுறுத்துகின்றன. கொல்லப்படவிருக்கும் விலங்கிடம் காட்டப்பெறும் இரக்கம் அறமாகுமா, அன்றி உண்போர் தம் மனச்சான்றை ஆற்றிக்கொள்ளும் உபாயம்தானா என்னும் வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மரபில் ஊனும் அருளும்

சங்க இலக்கியம் ஊனுணவை இயல்பானதாகவே காட்டுகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளிக்கும் விருந்தில் ஊன் சிறப்பிடம் பெறுகிறது. வள்ளுவரோ துறவறவியலில் அருளுடைமையை (25) அடுத்தே புலால் மறுத்தலை (26) வைத்துள்ளார். கொல்பவரோடு நில்லாமல், வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்ற நிலையில் உண்பவரையும் அவர் பொறுப்பாக்குகிறார். இவ்வதிகாரங்கள் துறவியர்க்கே உரியன என்று கொள்வாரும் உளர். எனினும் தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்லும் கருணையே அருள் என்னும் பரிமேலழகர் விளக்கத்தை நோக்க, இல்லறத்தார்க்கும் அதில் பங்கில்லை எனல் பொருந்தாது.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு ஈண்டுக் கருதத்தக்கது. வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசு அஞ்சிக் கதறுவதைக் கண்டே அவன் உள்ளம் நடுங்குகிறது. அவனுடைய அருள் பசு இறந்த பின்னர்த் தோன்றியதன்று. சாவுக்கு முன் அது படும் அச்சத்தைக் கண்டபோதே தோன்றியது. சாவைப் போலவே அச்சமும் ஒரு தீங்கு என்பது இதனால் புலனாகிறது. கத்தியை நன்கு கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும், விலங்கின் கண்முன் அதைத் தீட்டலாகாது என்னும் இசுலாமிய மரபின் நெறியிலும் இவ்வுணர்வே அமைந்துள்ளது.

சட்டம் வகுத்த நெறி

மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொணர்ந்த தனிநபர் மசோதா அளித்த தூண்டுதலால், 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார். உணவுக்காக விலங்கைக் கொல்லுதலை இச்சட்டம் குற்றமாக்கவில்லை. அவ்வாறு கொல்லும்போது தேவையற்ற வலியோ துன்பமோ விளைவித்தலையே தடுக்கிறது.

எது தேவையற்றது என்பதற்கு 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் ஓரளவு விடை தருகின்றன. கொல்வதற்கு முன் விலங்குக்கு 24 மணி நேர ஓய்வு வேண்டும். கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேலும் நாளொன்றுக்கு 96-க்கு மேலும் சோதித்தல் கூடாது. சினையுற்றதையும், மூன்று திங்களுக்குட்பட்ட கன்றோ குட்டியோ உடையதையும் கொல்லலாகாது. ஒரு விலங்கின் கண்ணெதிரே மற்றொன்றைக் கொல்லுதலும் கூடாது. உணர்விழக்கச் செய்வதற்குத் தனியிடம் வேண்டும்.

பயனும் அறமும்

அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின் மாடுகள் செல்லும் வழியை அவற்றின் கண்ணால் நோக்கி ஆராய்ந்தவர். தரையில் விழும் நிழல், ஈரத்தில் மின்னும் ஒளி, தொங்கும் சங்கிலி போன்ற சிறு பொருள்களே மாட்டை மருண்டு நிற்கச் செய்கின்றன. அவற்றை நீக்கிவிட்டால் அடியும் வாலை முறுக்குதலும் பெரிதும் தேவையற்றுப் போகின்றன. கொடுமை எனக் கருதப்படுவதில் ஒரு பகுதி, விலங்கு எதைக் காண்கிறது என்று எண்ணிப்பாராமையின் விளைவு என்பது இதனால் தெளிவாகிறது.

நெடுநேரம் அஞ்சிக் களைத்த மாட்டின் தசையில் கிளைக்கோசன் குறைந்துவிடும். அதனால் இறந்தபின் தசையில் போதிய அமிலம் உண்டாகாமல் இறைச்சி கறுத்து இறுகும்; விரைவில் கெடும். எனவே நல்ல முறையில் கையாளுதல் வணிகத்திற்கும் பயன் தருகிறது. ஆயின் பயன் கருதி மட்டும் செய்யப்படுவது பயன் இல்லாதபோது கைவிடப்படும். 24 மணி நேர ஓய்வுக்கு இடமும் தீவனமும் தண்ணீரும் வேண்டும், செலவு மிகும். அச்செலவை ஏற்கும் இடத்தில்தான் அது வணிகமா அறமா என்பது தெரியவரும்.

மறுப்பும் விடையும்

கருணையோடு கொல்லுதல் என்பதே முரண். அது கொலையை ஏற்புடையதாக்கிவிடும் என்பது வலுவான மறுப்பாகும். இதற்கு இருவகையில் விடை கூறலாம். ஒன்று, உலகம் முழுதும் புலால் மறுக்கும் நாள்வரை இன்று வண்டியிலிருந்து இறக்கப்படும் ஆடு காத்திருக்க இயலாது; அதன் தாகமும் அச்சமும் இன்றைக்குரியவை. மற்றொன்று, துன்பத்தைக் குறைத்தவர் கொலைப்பொறுப்பினின்று விடுபட்டவராகார். கருணை ஒரு கடன். அதைச் செலுத்துதல் மற்றொரு கடனைத் தீர்த்ததாகாது. இவ்வேறுபாட்டை மறந்தால் மட்டுமே கருணை உபாயமாகிறது.

முடிவுரை

2001-ஆம் ஆண்டு விதிகள் நாளொன்றுக்குப் பத்தும் அதற்கு மேலும் விலங்குகள் கொல்லப்படும், உரிமம் பெற்ற இடத்தையே இறைச்சிக்கூடம் என வரையறுத்தன. ஒன்பது ஆடுகள் கொல்லப்படும் தெருக்கடைக்குச் சட்டத்தின் பொதுத்தடை உண்டெனினும், இறைச்சிக்கூடத்திற்கென இவ்விதிகள் வகுத்த நெறிகள் எட்டுவதில்லை. நிருவாகத்திற்கு எண்ணிக்கை வரம்பு தேவைப்படலாம். ஆனால் அருள் எண்ணிக்கையால் அமைவதன்று. ஒன்பதாவது ஆட்டின் அச்சம் பத்தாவது ஆட்டின் அச்சத்தினும் குறைந்ததாகாது. சட்டம் நிற்கும் அவ்விடத்தில் பொறுப்பு, வள்ளுவர் சுட்டியவாறு, விலை கொடுத்து வாங்குபவரிடமே வந்து சேர்கிறது. கொல்லாமையை மேற்கொள்ள இயலாதவர்க்கும், தாம் உண்ணும் உயிர் எவ்வாறு இறந்தது எனக் கேட்கும் கடமை உண்டு எனலாம்.