பந்தியில் யார் இல்லை

உலர்திராட்சை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதற்கு முன் பார்த்தே இராத பொருளைப் போல அதைப் பார்க்கச் சொல்வார்கள். சுருக்கங்களைக் கவனிக்க வேண்டும். விரலால் உருட்டி, முகர்ந்து, நாக்கில் வைத்துக் கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பிறகே கடிக்க வேண்டும். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய பயிற்சி வகுப்பிலிருந்து உலகெங்கும் பரவிய பாடம் இது. தீராத வலியோடு வாழ்கிறவர்களுக்காக அவர் பௌத்தத் தியான முறைகளை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். இப்போது நம் ஊர்களிலும் சொல்லித் தருகிறார்கள். நானும் கற்றுக்கொண்டேன். ரசத்தில் மிளகு முந்துகிறதா சீரகம் முந்துகிறதா என்று என் நாக்கு கவனிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தக் கடன் எனக்கு உண்டு.

ஆனால் அந்தப் பயிற்சியில் சாப்பிடுகிறவர் தனியாளாக இருக்கிறார். அறை நிறைய ஆட்கள் இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டால் அவரவர் திராட்சை அவரவருக்கு. வியட்நாம் துறவி திக் நியட் ஹான் இதைத் தாண்டிப் போனவர். ஆரஞ்சுச் சுளைக்குள் மழையையும் வெயிலையும் மரத்தையும் காணச் சொன்னார். பெரிய பார்வை அது. திருநெல்வேலிச் சீமையில் பந்தியில் உட்கார்ந்து வளர்ந்த எனக்கோ, மழைக்கும் வெயிலுக்கும் போவதற்கு முன்னால் பக்கவாட்டில் பார்க்கத் தோன்றுகிறது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? யார் குனிந்து பரிமாறுகிறார்கள்? யார் இந்த வரிசைக்கே வரவில்லை? எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இவ்வளவு பேசுகிற நாம், யாரோடு சாப்பிடுகிறோம் என்பதை ஏன் பேசுவதில்லை?

பந்தி என்பதே கவனத்தைப் பழக்கும் இடம்தான். இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டும். முதலில் உப்பு, பிறகு ஊறுகாய், கூட்டு, பொரியல், அவியல். பருப்பும் நெய்யும் விழுந்த பிறகு சாம்பார், அதன் பின் ரசம், கடைசியில் மோர். பக்கத்து இலைக்குச் சோறு வருவதற்கு முன் கை வைக்கக் கூடாது. மூத்தவர் எழுந்திருக்காமல் எழக் கூடாது. கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக. இத்தனையும் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பார்த்தே வந்துவிடும்.

அதே பிள்ளை அதே வயதில் இன்னொன்றையும் பார்த்தே கற்றுக்கொள்கிறது. எச்சில் இலை எடுக்க வருகிறவரை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. அவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தாலும், அவர் அப்பா வயதில் இருந்தாலும், பெயர் சொல்லியே கூப்பிடலாம். கரண்டி யார் கையில் இருக்கலாம், வாளி யார் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் உச்சரிக்காமலே மனதில் படிந்துவிடுகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று நம்மைப் பழக்கும் பண்பாடே, எதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றும் பழக்குகிறது. இந்த இரண்டாவது பழக்கம் எந்தத் தியான வகுப்பிலும் தானாகக் கரைவதில்லை. மூச்சைக் கவனிப்பவர் மூச்சைத்தான் காண்பார்.

எங்கள் வீட்டில் பெரியம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார். ஆண்கள், பிள்ளைகள், விருந்தாளிகள், அதற்குப் பிறகு மருமக்கள், எல்லாரும் முடித்ததும் அவர். அதற்குள் அவியல் தீர்ந்திருக்கும், அப்பளம் நமுத்திருக்கும். "எங்ககூட உக்காருங்க பெரியம்மா" என்றால், "நீங்கள்லாம் சாப்ட்டு எந்திரிங்க, நான் அப்புறம் பாத்துக்கிடுதேன்" என்பார். அதில் அன்பு இருந்தது, சந்தேகமே இல்லை. அன்புதான் அந்த ஏற்பாட்டை இத்தனை தலைமுறை தாங்கிப் பிடித்தது. ஒரு வழக்கத்தில் அன்பு இருக்கிறது என்பதாலேயே அது நியாயமாகிவிடுமா என்று கேட்கும்போது மனம் கனக்கிறது; கேட்கிறவர்களும் அந்த அன்பில் வளர்ந்தவர்கள்தானே.

வீட்டுக்குள் இருக்கும் வரிசையை விடக் கடினமானது வீட்டுக்கு வெளியே இருந்தது. தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி என்ற ஊர் இருக்கிறது. 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பின்னர் அங்கேதான் இயங்கியது. ஐயர் சாதாரண ஆள் அல்லர். லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்தவர், புதுச்சேரியில் தலைமறைவு வாழ்க்கை வாழ்ந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனில் தோய்ந்தவர், தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று பேசப்படும் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். உடற்பயிற்சி, தொழில், மொழி, தேசபக்தி எல்லாம் சேர்ந்த முழுமையான மனிதர்களை உருவாக்க வேண்டும் என்பது அவர் கனவு. இன்று 'ஆளுமை வளர்ச்சி' என்று நாம் சொல்வதன் அந்தக் காலத்து வடிவம்தான் அது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, 5,000 ரூபாயைக் கொடுத்தும் இருந்தது.

அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோர் அப்படிக் கேட்டிருந்தார்கள், ஐயர் ஒப்புக்கொண்டிருந்தார். செய்தி வெளியே வந்ததும் 1924-லும் 1925-லும் தமிழ்நாட்டு அரசியல் கொதித்தது. காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான வரதராஜுலு நாயுடு எழுதினார், பேசினார். அப்போது காங்கிரஸில் இருந்த பெரியார் விடவில்லை. காந்தி வரை வழக்குப் போயிற்று. 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அவர் கசப்புக்கு வேர் தேடினால் சேரன்மாதேவியும் வரும்.

ஐயரை வில்லனாக்கி இந்தக் கதையைச் சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கம்பனின் ஒரு சொல்லுக்கு நாள் முழுக்க மனதைக் கொடுக்கத் தெரிந்த மனிதர் அவர். தன் உயிரைப் பொருட்படுத்தாமல் ஆற்றில் குதிக்கத் தெரிந்தவர். அவ்வளவு உயர்ந்த மனம் இரண்டு தட்டுகளை வேறிடத்தில் வைப்பதை ஒரு சிறிய விட்டுக்கொடுத்தல் என்று எண்ண முடிந்தது. தனியே உட்கார்ந்த இருவருக்கும் அது சிறியதாகத் தெரிந்திருக்கலாம். விலக்கி உட்கார வைக்கப்பட்ட மற்ற பிள்ளைகளுக்கு அதுதான் குருகுலத்தின் முதல் பாடம். வளர்ச்சி என்று நாம் எதைச் சொன்னாலும், நம் வசதிக்குச் சிறியதாகத் தெரிவது அடுத்தவர் வயிற்றில் எவ்வளவு பெரியது என்று கணக்கிடத் தெரியாதவரை அது அரைகுறைதான்.

அந்தக் குருகுலச் சண்டைக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு முன்பே ஒருவர் வேறு வழியில் போயிருந்தார். 1867 மே 23-ல் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சாதியோ சமயமோ ஊரோ கேட்காமல் அங்கே சோறு போடுகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1872-ல்தான் ஜோதி வழிபாட்டுக்கான ஞானசபை வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: முதலில் அடுப்பு, பிறகு ஜோதி. பசியைத் தீர்ப்பதையே சீவகாருண்யத்தின் தலைவாசலாக வைத்தவர் அவர். மனம் அடங்கிய பிறகு உலகைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அடுத்தவர் பசியைக் கண்டு கலங்கும் மனமே அவருக்கு விழித்த மனம்.

நம் காலத்தில் இதைப் பெருமளவில் செய்தது பள்ளிக்கூடம். 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-ல் காமராசர் காலத்தில் மாநிலத் திட்டமாகி, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. பள்ளிக்கு வரவைக்க, ஊட்டம் தர என்று இதற்கு நூறு காரணம் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் சோறும் சாம்பாரும் முட்டையும் ஏந்திய தட்டுகளோடு எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வராந்தாவில் வரிசையாக உட்கார்வதை நான் பார்க்கும்போதெல்லாம், பாடப் புத்தகத்தை விடப் பெரிய பாடம் அங்கே நடப்பதாகவே நினைக்கிறேன். அது முழுதாக நடக்கவும் இல்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், சமைக்க வந்த பெண் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதால், அவர் கையால் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பசிதான் இருந்தது. பெரியவர்களுக்குத்தான் வேறொன்று இருந்தது.

ஒரே வரிசையைத் தாண்டி ஒரே தட்டுக்குப் போகும் பழக்கமும் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் வீட்டு விருந்துகளில் சஹன் என்ற ஒரே தட்டைச் சுற்றிச் சிலர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவரின் கை உங்கள் சோற்றுக்குள் வரும், உங்கள் கை அவருடையதற்குள் போகும். கறித்துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. அப்படிச் சாப்பிடும்போது அடுத்தவரைக் கவனிக்காமல் இருக்கவே முடியாது. எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறார், எதை விரும்புகிறார், போதும் என்று எப்போது கையை இழுக்கிறார், எல்லாம் தெரிந்துவிடும்.

ஒரு நண்பர் என்னோடு இதில் உடன்படமாட்டார். சாப்பிடும் நேரத்திலாவது சமூகத்தைத் தூக்கிச் சுமக்காமல் இருக்கலாமே, நிம்மதியாக நாலு வாய் சாப்பிட்டால் என்ன என்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. எந்நேரமும் கொதித்துக்கொண்டே இருக்கிறவர் யாருக்கும் உதவுவதில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்ததும், "நீங்க எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்று கேட்கப்படும் மனிதருக்கு அந்த நிம்மதி கிடைப்பதில்லை. ஊர்ப் பெயரில் கேள்வி நின்றால் அது விசாரிப்பு. தெருவுக்குப் போனால் அது எதற்கான கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அவர் இலையில் அதே பாயசம்தான் விழுகிறது. தொண்டையில் இறங்குவது வேறு. ஒருவர் நிம்மதி இன்னொருவரைப் பார்க்காமல் இருப்பதால் கிடைக்கிறது என்றால் அதை அமைதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெருஞ்செயல்கள் எல்லாராலும் முடியாது. தருமச்சாலை திறக்க எனக்கு நிலமும் இல்லை, வலுவும் இல்லை. பந்தி என் கைக்கு எட்டும் இடம். எங்கள் வீட்டில் இப்போது பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு எல்லாரும் ஒன்றாக உட்கார்கிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்கிறோம். பெரியம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "பரிமாறாமச் சாப்ட்டா அது விருந்தா?" என்றார். நாற்காலி நுனியில் எழுந்துகொள்ளத் தயாராகவே உட்கார்ந்திருந்தார். பழகிய பிறகு, அவியலில் தேங்காய் குறைந்திருப்பதை அவரே முதலில் கண்டுபிடிக்கிறார், அதைச் சத்தமாகச் சொல்கிறார்.

உறவில் கல்யாணம் என்றால் மண்டபமும் சமையலும் பேசப் போகும் கூட்டத்தில் நானும் போகிறேன். இலைக்கு எவ்வளவு, எத்தனை கூட்டு, ஐஸ்கிரீம் உண்டா என்பதையெல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். இலை எடுப்பவர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் எப்போது சாப்பிடுவார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று நான் கேட்கிறேன். "அவங்க கடைசியா பின்னால சாப்ட்டுக்குவாங்க சார்" என்பதே பெரும்பாலும் வரும் பதில். அவர்களுக்கும் மேசையில் ஒரு பந்தி, ஐஸ்கிரீம் உட்பட அதே இலை, எல்லாம் தீர்வதற்கு முன்பே ஒரு நேரம் என்று ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்கிறேன். சிலர் முகம் சுளித்துவிட்டு எழுதுகிறார்கள். சிலர் கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். போன தை மாதக் கல்யாணத்தில் அந்தப் பந்திக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து பரிமாறினார்கள். பெண் வீட்டில் இரண்டு பெரியவர்கள் அதனால் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அடுத்த மாதம் அவர்கள் வீட்டிலேயே ஒரு வளைகாப்பு வருகிறது. சமையல் பேச நான் போகத்தான் போகிறேன்.