அச்சத்தின் முகவரி

மலையகத் தோட்டங்களில் ரோதைமுனி என்றொரு தெய்வத்தை வணங்குவார்கள். ரோதை என்பது தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரம். கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமி, கொழுந்துக்குக் கொழுந்துச்சாமி. நமது மார்க்கம் இதனை ஏற்காது என்பது வேறு விடயம். ஊரிலிருந்து கப்பலேறி வந்த தெய்வங்களல்ல இவை. தேயிலை வந்தபின், வேலையோடு சேர்ந்து இங்கேயே உண்டானவை. கையை இழுத்துக்கொள்ளக்கூடிய சக்கரம் எது, அது எங்கே சுழல்கிறது என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள். அவர்களது அச்சத்துக்கு ஒரு முகவரி இருந்தது.

முகவரியில்லாத அச்சத்தைக் கவிதையாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937). 1929 டிசம்பர் கடைசிக்கும் 1930 ஜனவரி முதல் வாரத்துக்குமிடையில் ‘யுகொத்தின் காளான்கள்’ என்ற தலைப்பிலான 36 சொனெட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதி முடித்தார். யுகொத், சூரிய மண்டலத்தின் விளிம்பிலிருக்கும் கற்பனைக் கோள். (அடுத்த மாதமே புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் யுகொத் என்று பின்னர் கதையொன்றில் சேர்த்துக்கொண்டார்.) அவரது பிரபஞ்சத்தில் இருப்பவை குருட்டுச் சக்திகள். மனிதன் அவற்றுக்கு ஒரு பொருட்டேயல்ல; வேண்டினாலும் அவை கேட்பதில்லை. இந்தத் தொன்மத்தை அவர் தனக்கென்று பூட்டி வைக்கவுமில்லை. கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், ஓகஸ்ட் டெர்லெத் முதலிய நண்பர்களும் அதே தெய்வங்களையும் நூல்களையும் தத்தம் எழுத்தில் கையாண்டனர்.

அந்தப் பொதுத் தொன்மத்தின் தலையாய நூல் நெக்ரோனொமிக்கொன். அதை எழுதியவன் ‘பைத்தியக்கார அரபி’ அப்துல் அல்ஹஸ்ரத், யெமனின் சன்ஆ நகரத்தவனாம். குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகூட இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கும். ‘அப்துல்’லுக்குள் ஒரு ‘அல்’ இருக்கையில் இன்னொன்று எதற்கு? ஆயிரத்தொரு இரவுகளில் மயங்கியிருந்த சிறுவயதில் லவ்கிராஃப்ட் தனக்கே சூட்டிக்கொண்ட பெயர் அது. 738ஆம் ஆண்டு, பட்டப்பகலில், கண்ணுக்குத் தெரியாத பூதமொன்று அவனைப் பிடித்துக்கொண்டதாம். இதற்குச் சாட்சி இப்னு கல்லிகான்! 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த வரலாற்றாசிரியரைப் 12ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளியும் விட்டார்.

விளையாட்டென்று இதை விட்டுவிடலாம். ஆனால் 1920களில் நியூயோர்க்கில் வாழ்ந்தபோது குடியேறிகள்மீது அவர் கொண்ட அருவருப்பு விளையாட்டல்ல. 1925இல் எழுதிய ‘ரெட் ஹூக்கின் பயங்கரம்’ கதையில் தீமையை வளர்ப்பவர்கள் அந்தக் குடியேறிகள்தாம். பிரபஞ்சத்தில் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்றவருக்கு, அயலவனைச் சுட்ட மட்டும் விரல் நீண்டது.

அந்தக் கவிதைகளை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். மனிதன் எவ்வளவு சிறியவன் என்று சொல்லும் இடங்களில் அவற்றில் உண்மையிருக்கிறது. என் சங்கடம் ஊவாவில் அவற்றை நினைக்கும்போது வருவது.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகளில் சிலர் திரும்பியபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. ஒரு காலைப்பொழுதில் உலகமே இல்லாமற்போகும் இந்தப் பயங்கரத்தைத்தானே லவ்கிராஃப்டும் எழுதினார் என்று தோன்றலாம். ‘இயற்கையின் சீற்றம்’ என்றோம். லயத்தில் தலையெழுத்து என்பார்கள், நமது வீடுகளில் கத்ர் என்போம். ஆனால் அந்தச் சரிவு ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த மலை அறியப்படாத பூதமல்ல. அதன் பெயர் காகிதத்தில் எழுதப்பட்டு ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. அரபிக்கும் குடியேறிக்கும் இல்லாத குற்றத்தை லவ்கிராஃப்ட் கொடுத்தார். நாம் இருந்த குற்றத்தை எடுத்து இயற்கையிடம் கொடுத்தோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற ஹதீஸை இங்கே பலர் நினைவூட்டுவார்கள். எச்சரித்தும் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்பார்கள். கயிறு யார் கையில் இருந்தது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் நான்கைந்து தலைமுறை வாழ்ந்தவனுக்குக் காணியுமில்லை, உறுதியுமில்லை. லயத்தை விட்டால் தோட்ட வேலையும் போகும். எங்கே போவான்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் மறுபடியும் சரிந்தன. அந்த இடங்களில் எவையெவை முன்பே ஆபத்தென்று குறிக்கப்பட்டிருந்தன, அந்தக் கடதாசிகள் யாருடைய மேசைகளுக்குப் போயின என்பதைத்தான் செய்திகளில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.