விலகிப் போவதற்கு ஒரு விலை

பிரிட்டனில் வீட்டுக்குக் கரண்டும் கேஸும் தருகிற நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். கம்பியும் குழாயும் அதேதான். பில் அனுப்புகிறவர் மட்டும் மாறுவார். இரண்டு விதமாகக் கட்டணம் உண்டு. ஒன்று சந்தையோடு ஏறி இறங்குவது. இதற்கு ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உச்சவரம்பு அறிவிக்கிறது. இதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இன்னொன்று 'ஃபிக்ஸ்' பண்ணுவது: ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ யூனிட் விலை மாறாது. பதிலுக்கு நடுவில் விலகினால் பெரும்பாலும் ஒரு தொகை கட்ட வேண்டும். அதற்குப் பெயர் எக்ஸிட் ஃபீ. கரண்டுக்குத் தனி, கேஸுக்குத் தனி. கடைசி 49 நாட்களில் விலகுகிறவரிடம் அதை வாங்கக் கூடாது என்பது விதி.

இது பணக்கணக்கு, இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும்வரை. அவர் 2023 நவம்பரில் இரண்டு வருடத்துக்கு ஃபிக்ஸ் பண்ணியிருந்தார். 2024 ஜனவரியில், சராசரி வீடு ஒன்றின் வருடக் கணக்கில், 1,928 பவுண்டாக இருந்த உச்சவரம்பு ஜூலையில் 1,568க்கு இறங்கிவிட்டது. அவருக்கு இன்னும் பதினாறு மாதம் பாக்கி. மாறினால் மாதம் இருபது பவுண்டு மிச்சம், மொத்தம் 320. எக்ஸிட் ஃபீ 75 வீதம் இரண்டுக்கும் 150. கழித்தால் கையில் 170 நிற்கும். ஒரு பக்கத் தாளில் எழுதிக் காட்டினேன்.

அவர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கணக்குச் சரி தம்பி. ஆனா ரெண்டு வருசத்துக்கு எண்டு சொல்லித்தானே கையெழுத்து வைச்சனான்? விலை ஏறியிருந்தா அவங்கள் எனக்கு ஏத்தியிருக்க மாட்டாங்கள். இறங்கின உடனை நான் ஓடுறது சீட்டு எடுத்துப்போட்டு ஓடுற மாதிரியெல்லோ?"

அக்கா பல வருடம் சீட்டுப் பிடித்தவர். இருபது பேர் சேர்ந்த சீட்டில் ஒருவர் பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்தால் அந்தப் பள்ளத்தை மற்றவர்கள் நிரப்ப வேண்டும். அவர் மனத்தில் இருந்தது அந்த நிறுவனத்தின் லாபம் இல்லை, சீட்டில் இருக்கும் மற்றப் பத்தொன்பது பேர்.

பொருளாதாரம் தெரியாமல் சொன்ன இந்த வார்த்தையில் பொருளாதாரம் சரியாக இருக்கிறது. ஃபிக்ஸ் பண்ணிக் கொடுக்கும் நிறுவனம், அந்த வாடிக்கையாளருக்குத் தேவையானதை மொத்தச் சந்தையில் முன்கூட்டியே வாங்கி வைக்கிறது. ஒழுங்கான நிறுவனமாக இருந்தால். விலை இறங்கியதும் நாம் போய்விட்டால், வாங்கி வைத்ததை நஷ்டத்துக்கு விற்க வேண்டும். அந்த நஷ்டம் கடைசியில் மாறாமல் இருப்பவர்கள் தலையில் விழலாம். ஆஃப்ஜெம்மே இதை ஒத்துக்கொண்டது. 2022 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை, சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், வாடிக்கையாளரைப் பிடித்த புது நிறுவனம் பழைய நிறுவனத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது.

சரி, அப்படியானால் 150 பவுண்டைக் கட்டிவிட்டுப் போகிறவர் வாக்குத் தவறியவரா?

அமெரிக்க நீதியறிஞர் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் 1897இல் ஆற்றிய ஓர் உரையில் இதற்குக் கறாரான பதில் இருக்கிறது. ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் கடமை என்றால், காப்பாற்றாவிட்டால் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்பது மட்டும்தான், அதற்கு மேல் எதுவும் இல்லை என்றார் அவர். இந்தப் பார்வையில் அக்கா குழம்பிக்கொள்ள ஒன்றும் இல்லை. காசு கட்டினால் கணக்கு முடிந்தது. நம் அரிச்சந்திரன் கதையில் வளர்ந்தவர்களுக்கு இது தொண்டையில் இறங்காது. ஆனால் எக்ஸிட் ஃபீ விஷயத்தில் ஹோம்ஸைவிட எளிதான பதிலும் இருக்கிறது: அந்தத் தொகை ஒப்பந்தத்துக்கு உள்ளேயே எழுதியிருக்கிறது. 'இரண்டு வருடம் இருங்கள், அல்லது 150 கட்டிவிட்டுப் போங்கள்' என்றுதான் இரு தரப்பும் பேசிக்கொண்டார்கள். கட்டிவிட்டுப் போவது சொன்னபடி நடப்பதுதான்.

அக்காவின் சீட்டில் எக்ஸிட் ஃபீ கிடையாது. அங்கே வெட்கம் இருக்கிறது. கோயிலில், கல்யாண வீட்டில், கடைத்தெருவில் முகம் கொடுக்க வேண்டும் என்ற பயமே ஆளை இருத்தி வைக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத லட்சக்கணக்கான பேர் சேர்ந்த சீட்டில் வெட்கத்துக்கு வேலை இல்லை. அந்த இடத்தில் கட்டணம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த மாற்றத்தை நான் வீழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். வெட்கம் கொடூரமான வசூல்காரன். குடும்பங்களை ஊரைவிட்டே விரட்டியிருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

முதலாவது, வெளியேறும் விலை ஒரு பக்கத்துக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2021இல் மொத்தச் சந்தையில் கேஸ் விலை தாறுமாறாக ஏறியபோது, குறைந்த விலைக்கு ஃபிக்ஸ் பண்ணிக் கொடுத்துவிட்டுத் தேவையான அளவு முன்கூட்டி வாங்கி வைக்காத நிறுவனங்கள் வரிசையாக மூடின. சில மாதங்களுக்குள் இருபதுக்கும் மேல். வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு நிறுவனங்களுக்கு மாற்றியது. அவர்களுடைய முன்பணம் காப்பாற்றப்பட்டது. ஃபிக்ஸ் பண்ணிய விலை போய்விட்டது. அந்தக் கைமாற்றத்தின் செலவு நாட்டிலுள்ள எல்லோருடைய பில்லிலும், தினமும் விழும் ஸ்டாண்டிங் சார்ஜில் ஏறியது. யாரோ எடுத்துவிட்டு ஓடிய சீட்டுக்கு, அந்தச் சீட்டிலேயே சேராதவர்களும் பணம் கட்டினார்கள். அக்காவின் அப்போதைய நிறுவனமும் அதில் ஒன்று. ஞாபகப்படுத்தினேன். "அவங்கள் நொடிஞ்சு போனவங்கள் தம்பி. நொடிஞ்சவனிட்டை என்னத்தைக் கேக்கிறது?" என்றார். இந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: நஷ்டம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போகக்கூடிய ஒருவரும், போகும்போது கட்டணம் கட்ட வேண்டிய ஒருவரும் பரிமாறிக்கொண்ட வாக்கு ஒரே எடையுள்ளது இல்லை. முழு எடையையும் அக்கா ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டாவது இன்னும் கனமானது. வெட்கம் எல்லோரையும் தொடும். கட்டணம் அப்படி இல்லை. 150 பவுண்டு கையில் இருப்பவருக்கு அது ஒரு கணக்கு. இல்லாதவருக்கு அது பூட்டு. மிச்சம் பதினாறு மாதத்தில் சிறுகச் சிறுக வரும், கட்டணத்தை உடனே கட்ட வேண்டும். பழைய பில் 28 நாளைத் தாண்டி பாக்கி நின்றால், மாறுவதையே நிறுவனம் தடுக்கலாம். முன்பண மீட்டர் வைத்திருப்பவர் மட்டும், ஒவ்வொன்றுக்கும் 500 பவுண்டு வரையுள்ள கடனைத் தூக்கிக்கொண்டு மாறலாம். ஆக, வசதி உள்ளவர் வாக்கை வைத்திருப்பதா விடுவதா என்று யோசிக்கிறார். வசதி இல்லாதவர் வாக்கைக் காப்பாற்றியே தீர வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒப்பந்தத்தை மதித்தவர்கள்தான். ஒருவர் மட்டுமே தேர்ந்தெடுத்தவர்.

எது நியாயமான கட்டணம் என்று பார்க்க இங்கிலாந்துச் சட்டம் ஓர் அளவுகோல் தருகிறது. கார் நிறுத்துமிடத்தில் நேரம் தாண்டியதற்கு 85 பவுண்டு வாங்கலாமா என்ற வழக்கில், ஒப்பந்தத்தை மீறினால் விதிக்கும் தொகை பற்றி 2015இல் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி இது: வாங்குகிறவருக்குப் பாதுகாக்க வேண்டிய நியாயமான நலன் ஏதாவது இருக்கிறதா, தொகை அதற்குப் பொருத்தமே இல்லாமல் பெரிதாக இருக்கிறதா? அந்த 85 பவுண்டு செல்லும் என்றது தீர்ப்பு. எக்ஸிட் ஃபீ மீறலுக்கான தண்டம் இல்லை என்று வக்கீல்கள் வாதிடலாம். ஒழுக்கக் கேள்வியாக எடுத்துக்கொள்ள நமக்குத் தடை இல்லை. நலன் இருக்கிறது, முன்கூட்டி வாங்கி வைத்தது உண்மையானால். அந்த நஷ்டம் மீதி மாதங்கள் குறையக் குறைய கரைவது. அக்காவின் ஒப்பந்தத்தில் இருபத்து மூன்று மாதம் பாக்கி உள்ளபோதும் 150, மூன்று மாதம் பாக்கி உள்ளபோதும் 150. ஐம்பதாவது நாள் முழுத்தொகை, நாற்பத்தொன்பதாவது நாள் ஒன்றுமில்லை. நஷ்டத்தை அளந்து போட்ட தொகை இப்படி இருக்காது. ஆளைத் தயங்க வைக்கப் போட்ட தொகைதான் இப்படி இருக்கும்.

அக்கா மாறவில்லை. 2025இல் கடைசி 49 நாள் தொடங்கியபோது மகளின் போனில் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார். 170 பவுண்டு போனது அவர் கணக்கில் நஷ்டமே இல்லை. அவரால் அது முடிந்தது. அதே தெருவில், அதே விலையில், மாற ஆசைப்பட்டும் 150 பவுண்டு புரட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். மீதி மாதத்துக்கு ஏற்பக் குறைகிற, புது பில்லோடு தவணையாகக் கட்டக்கூடிய ஒரு கட்டணம் வந்தால் நிறுவனத்துக்கு நியாயமாக ஒன்றும் குறையாது. அவர்களுக்கும் அப்போதுதான், அக்காவைப் போல, இருப்பதா போவதா என்று யோசிக்கிற உரிமை கிடைக்கும்.