கரையில் நிற்பவன்

பிடித்த படம் எது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) என்று சொல்லிவந்திருக்கிறேன். ஏன் என்றால், அசோக்குமாரின் ஒளிப்பதிவு, வசனச் சிக்கனம், எங்கள் ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த கதை என்பேன். இவை ரசனை சார்ந்த காரணங்கள். போதா என்று இப்போது தோன்றுகிறது.

முடிவில் ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்க வைக்கிறது. நல்லவர்களாக இருந்த ஊராரையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டதுதான் தான் செய்த பெரிய தவறு என்கிறான் அவன். அதற்குச் சற்று முன்புவரை அவன் சாவை விரும்பிக்கொண்டிருந்தவன் நான். படம் என் விருப்பத்தை நிறைவேற்றுகிறது. பிறகு, தகப்பனில்லாத இரண்டு குழந்தைகளைக் காட்டுகிறது.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955), செத்துப்போன அக்கா திருடி ஒளித்திருந்த மாலையை அப்பு குளத்தில் எறிகிறான். பாசி மூடிக்கொள்கிறது. அங்கேயும் நான் உடந்தைதான். ஆனால் கூட்டத்துக்கு அல்ல, ஒரு சிறுவனுக்கு.

சென்ற மாதம் செராமிக் பட்டறைகள் இருக்கும் தெருவில் ஒரு திருடனைக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. வங்கிக்கு நேரமாகியும் நின்று பார்த்தேன். 'உதிரிப்பூக்க'ளைப் பலமுறை பார்த்தவன்.

சினிமா மனிதனைத் திருத்தும் என்று சொல்லமாட்டேன். அன்று எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்பது மட்டும் இரவில் தெரிந்தது. பார்க்கத் தகுந்த படம் இவ்வளவு செய்யும். இது போதுமா என்பது படத்திடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல.