தனிவழி நடப்பவருக்கு யார் துணை?

'எல்லாக் கடமையும் முடியட்டும். ஒருநாள் யாரையும் எதிர்பார்க்காமல், தனியாக, க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடக்கவேண்டும்' என்று ஏங்காத இல்லத்தரசி உண்டா? ஏங்கிய மறுகணமே, 'வீட்டைப் போட்டுவிட்டுப் போவது சுயநலமல்லவா?' என்ற கேள்வியும் வந்து நிற்கும். சரி, போகிறவருக்குத்தான் புண்ணியமா? போக முடியாமல் அடுப்படியில் நிற்பவருக்கு?

நர்மதைக் கரையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அமர்கண்டக்கில் பிறந்து, குஜராத்தில் கடலில் கலக்கும் நர்மதையின் நீளம் 1,312 கிலோமீட்டர். ஒரு கரையில் போய், மறுகரையில் திரும்பி அந்த நதியையே வலம் வருவதுதான் நர்மதா பரிக்ரமா. 2,600 கிலோமீட்டருக்கும் அதிகமான நடை! மரபுப்படி இதற்கு 3 வருடம், 3 மாதம், 13 நாட்கள். நதி எப்போதும் வலப்புறமே இருக்கவேண்டும். நடுவில் எங்கும் அதைக் கடக்கக் கூடாது. கடலோடு கலக்கும் இடத்தில் மட்டும் படகேறி எதிர்க்கரை சேரலாம். வழியில் சூலபாணி வனம் போன்ற காடுகளும் உண்டு. இத்தனையையும் காசு வைத்துக்கொள்ளாமல், தன்னந்தனியே நடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காசில்லாமல் எப்படிச் சாப்பிடுவார்கள்? 'நர்மதே ஹர்' என்ற குரல் கேட்டால் போதும். கரையோர கிராமத்தார் மாவும் பருப்பும் கொடுத்து, படுக்க இடமும் தருகிறார்கள். யோசித்துப் பாருங்கள். நடப்பவர் தனி ஆள்தான். ஆனால், யாரோ ஒரு தாய் முறத்தில் அள்ளிக் கொடுத்த மாவல்லவா அவரை நடத்துகிறது! ஊர் எல்லையைத் தாண்டாத அந்தத் தாய்க்கு, அந்த வலத்தில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

'பங்கு இருக்கட்டும்... எனக்கும் தரிசனம் வேண்டுமே!' என்கிறீர்களா? நியாயமான ஆசை. அதற்கு நம் சோளிங்கருக்கு வரவேண்டும்.

108 திவ்யதேசங்களில் ஒன்றான திருக்கடிகை இது. பெரிய மலையில் 1,305 படிகளுக்கு மேலே யோக நரசிம்மர். சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். இவ்வூரில் வாழ்ந்த தொட்டாச்சார்யார், ஆண்டுதோறும் காஞ்சிபுரம் சென்று வரதராஜப் பெருமாளின் வைகாசி கருடசேவையைத் தரிசிப்பவர். ஒரு வருடம் அவரால் போக முடியவில்லை. தக்கான் குளக்கரையில் நின்று உருகினார். கருடன்மேல் வரதரே அங்கு வந்து காட்சி தந்தார் என்கிறது தல வரலாறு. இன்றும் காஞ்சி கருடசேவையில், குடைகளால் பெருமாளை ஒரு கணம் மறைப்பார்கள். அந்தக் கணம் அவர் சோளிங்கரில் இருக்கிறாராம்! கூடி நிற்கும் அத்தனை பேரையும் காக்க வைத்து, வர முடியாத ஒருவருக்காக ஒரு கணம்!

ஆனால், 'பார்த்தாயா, வீட்டிலிருந்தே கும்பிட்டால் போதும்' என்று இந்தக் கதையைக் காட்டி யாராவது உங்களைத் தடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொட்டாச்சார்யார் முடிந்த வருடமெல்லாம் போனவர். முடியாத வருடத்தில்தான் பெருமாள் தேடி வந்தார்.

எனவே, முடிகிறபோது கிளம்புங்கள். அது சுயநலமல்ல. நரசிம்மர் கண் திறந்து அருளும் கார்த்திகையில் சோளிங்கருக்கே வாருங்களேன்! படியேற இயலாதவர்களுக்கு 2024 முதல் ரோப் கார் வசதியும் இருக்கிறது. நீங்கள் மலையேறும் நேரத்தில், உங்கள் வீட்டு அடுப்பை மாமியாரோ மருமகளோ பார்த்துக்கொள்வார். பிரசாதத்தை முதலில் அவருக்குக் கொடுங்கள். அடுத்த முறை அவர் கிளம்பட்டும். அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.