நிழலின் அளவும் மாணவனின் கேள்வியும்

மத்ரஸாக் கல்வியின் சீர்திருத்தம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஆங்கிலமும் கணினியும் பாடத்திட்டத்தில் சேர்ந்தனவா என்பதே முதற்கேள்வியாகிவிடுகிறது. மார்க்கக் கல்வி பயிலும் மாணவன் தானே ஒரு நூலைப் படித்து, ஆதாரங்களை எடைபோட்டு, காரணத்தோடு ஒரு முடிவுக்கு வரப் பழகுகிறானா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்திய மத்ரஸாக்களில் பரவலாகப் பின்பற்றப்படும் 'தர்ஸே நிஜாமி' என்னும் பாடமுறை, லக்னோவின் பிரங்கி மஹலில் கற்பித்து 1748-இல் மறைந்த முல்லா நிஜாமுத்தீனின் பெயரால் வழங்குவது. ஒவ்வொரு துறையிலும் கடினமான சில நூல்களை ஆழ்ந்து கற்றவன் மற்றவற்றைப் பிறர் துணையின்றியே படித்துக்கொள்வான் என்பது அதன் உட்கருத்து. பாடத்துக்கு முன்பே உரிய பகுதியைத் தானாகப் படித்து ஐயங்களைக் குறித்துக்கொள்ளும் 'முதாலஆ'வும், பாடம் முடிந்தபின் மாணவர்கள் தமக்குள் அதை எடுத்துரைத்து விவாதிக்கும் 'தக்ரார்' என்னும் வழக்கமும் அந்த நோக்கத்துக்கே துணைநின்றன. நூலை ஓதி முடிப்பதே படிப்பு என்றானபோது நோக்கம் மங்கி, வழக்கம் மட்டும் எஞ்சியது.

காரணம் அறிந்து கற்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: காவிரிக்கரை ஜீயபுரத்து வயல்வரப்பில் ஒரு கம்பை நட்டு, நண்பகலில் விழும் நிழலைக் கழித்துவிட்டு அளந்தால், நிழல் கம்பின் நீளத்துக்குச் சமமானதும் பிற்பகல் தொழுகையான அஸரின் நேரம் தொடங்கிவிட்டது என்பது ஷாஃபிஈ மத்ஹபின், அதாவது அச்சட்டப் பள்ளியின், முடிவு. அது இருமடங்காக வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபாவின் பெயர்பெற்ற கருத்து. காவிரிப் படுகையில் இரு மத்ஹபினரும் அக்கம்பக்கத்தில் வாழ்வதால் வேறுபாடு உண்டென்பது சிறுவர்க்கும் தெரியும். ஆனால் அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மத் அஷ்ஷைபானியும் இதில் தம் ஆசிரியரோடு உடன்படாமல் ஒருமடங்கே போதுமென்றனர் என்பதும், அதனால் அவர்கள் ஹனஃபிகள் அல்லாமல் போய்விடவில்லை என்பதும் போதிய அளவு வலியுறுத்தப்படுவதில்லை.

1924-இல் ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் காகா முஹம்மது உமர் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம், மத்ஹபுப் பிணக்குகளைக் கடந்து வெவ்வேறு மரபினரை ஒரே வகுப்பில் அமர்த்தியதன் அருமை இங்கேதான் விளங்குகிறது. இலங்கையின் பேருவளையில் 1973-இல் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யாவும் மார்க்கக் கல்வியை நவீனக் கல்வியோடு இணைத்தது. எனினும் பாடங்களின் இணைப்பு மட்டுமே மாணவனைச் சிந்திக்கவைத்துவிடாது.

அரைகுறையாய்க் கற்றவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கத் தொடங்குவர் என்று மூத்த உலமாக்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. முன்னோரின் முடிவை ஏற்றொழுகும் 'தக்லீத்' பொதுமக்களுக்குப் பாதுகாப்பானதே. ஆலிம் பட்டம் பெறுபவனோ அம்முடிவின் காரணத்தையும் அறிந்தாக வேண்டும். ஆகவே தேர்வுத்தாள், நிழல் எத்தனை மடங்கு என்று கேட்பதோடு நில்லாமல், அபூஹனீஃபாவின் அவ்விரு மாணவர்களும் எந்த ஹதீஸை முன்வைத்து ஆசிரியரிடமிருந்து விலகினர், அதற்கு ஹனஃபி மரபு என்ன மறுமொழி சொன்னது என்றும் கேட்க வேண்டும்.