ஒளிந்திருப்பவரை அழைத்தல்

நீதிமன்றத்தின் அழைப்பாணை தம் கைக்கு வந்து சேராதவரை வழக்கு தம்மைத் தீண்டாது என்று நம்பி, கதவு தட்டப்பட்டாலும் திறவாமலும், வீட்டில் இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் செய்தும், முகவரியை மாற்றிக்கொண்டும் ஒருவர் ஒளிந்திருக்கும்போது, அவருடைய போக்குவரத்தைப் பல நாள் வேவு பார்த்து ஆணையை அவரிடம் சேர்ப்பது முறையா என்னும் வினா, வழக்கறிஞர்களின் அன்றாட அலுவலைச் சேர்ந்த சிறு வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. எனினும், ஒருவர் இருக்கும் இடத்தை அறிந்துகொள்வதும் அவரை அழைப்பதும் ஒன்றா என்ற பழமையான இறையியல் சிக்கல் அதனுள் அடங்கியிருக்கிறது.

வழக்கின் தாள்களை எதிர்த்தரப்பினரிடம் முறைப்படி ஒப்படைப்பதைத் தமிழக நீதிமன்றங்களில் சார்பு செய்தல் என்பர். வாதி பேட்டா எனப்படும் கட்டணத்தைக் கட்டியபின், மக்கள் பொதுவாக அமீனா என்றே குறிப்பிடும் நீதிமன்ற ஊழியர் சம்மனை எடுத்துச் செல்வது இங்குள்ள நெடுநாள் வழக்கம். அமெரிக்காவிலோ, வழக்கின் தரப்பினராக இல்லாத, 18 வயது நிரம்பிய எவரும் இப்பணியைச் செய்யலாம் என்று கூட்டாட்சி உரிமையியல் நடைமுறையின் நான்காம் விதி அனுமதிப்பதால், அது அங்கே ஒரு தனியார் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. தெருவின் எதிர்ப்புறம் காரை நிறுத்தி, விளக்கு எப்போது எரிகிறது, குப்பைத்தொட்டியை யார் வெளியே வைக்கிறார், எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று குறித்துக்கொள்வது அத்தொழிலின் பழைய முறை. சமூக ஊடகத்தில் வெளியிட்ட படத்தின் பின்னணியைக் கொண்டு இடத்தை ஊகிப்பதும், தகவல் வணிகர்களிடம் முகவரி வரலாற்றை விலைக்கு வாங்குவதும் புதிய முறை. சந்தேகத்துக்குரியவரின் வண்டியில் இடங்காட்டிக் கருவியைப் பொருத்திக் கண்காணிப்பது அரசியலமைப்பின் பொருளில் சோதனையே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது காவல்துறையைக் கட்டுப்படுத்தும். தனியாரை மாநிலச் சட்டங்களே கட்டுப்படுத்த வேண்டும். பிறர் வண்டியில் ஒப்புதலின்றி அத்தகைய கருவியைப் பொருத்துவது கலிபோர்னியாவில் குற்றம்.

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாமும் அவன் மனைவியும் தோட்டத்து மரங்களுக்கிடையே ஒளிந்துகொள்ள, கடவுள் ஆதாமைக் கூப்பிட்டு அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கிறார். எல்லாம் அறிந்தவராகப் போற்றப்படும் ஒருவர் இருப்பிடத்தை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு உரையாசிரியர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். சட்ட அறிஞர்கள் தந்த விளக்கமே இங்கு நமக்கு வேண்டியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், தன் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவந்த அலுவலரிடம் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பேரறிஞர் துணைவேந்தரை இழித்துப் பேசினார் என்று கூறி, அவரை அழைத்து விசாரிக்காமலேயே பட்டங்களைப் பறித்தது. அந்த வழக்கு இங்கிலாந்தின் அரச நீதிமன்றத்தில் 1723-இல் விசாரிக்கப்பட்டபோது, கடவுளே ஆதாமை அழைத்து அவன் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கவில்லை என்று நீதிபதி ஃபோர்டெஸ்க்யூ சுட்டிக்காட்டினார். பென்ட்லிக்குப் பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. இக்கருத்து ஃபோர்டெஸ்க்யூவின் கண்டுபிடிப்பன்று. திருச்சபைச் சட்டத்தைக் கற்பித்த 12-ஆம் நூற்றாண்டு ஆசிரியர்கள், வழக்கு என்ற அமைப்பே அந்தத் தோட்டத்தில்தான் தொடங்கியது என்று ஏற்கெனவே எழுதியிருந்தனர்.

அந்த மரபில் ஒளிவோரைப் பற்றிய ஒரு சட்டமே தனி இடம் பெற்றிருக்கிறது. 1303-இல் மறைந்த திருத்தந்தை எட்டாம் போனிபாஸ், தம் அழைப்பாணை சேரவிடாமல் தடுப்போர் எத்தகைய பதவியில் இருந்தாலும், ஆணை திருத்தந்தையின் அவையில் பொதுவில் அறிவிக்கப்பட்டுவிட்டால் அது நேரில் தரப்பட்டதற்கு ஒப்பாகும் என்று விதித்தார். அச்சட்டத்துக்கு உரை எழுதிய பிரெஞ்சுக் கர்தினால் ழான் லெமுவான், அழைப்பை அறவே கைவிடத் திருத்தந்தைக்கும் அதிகாரமில்லை என்றும், கடவுளும் ஆதாமை அழைத்தார் என்றும் கூறிவிட்டு, குற்றம் நிறுவப்படும்வரை எவரும் குற்றமற்றவராகவே கொள்ளப்பட வேண்டும் என்ற நெறியையும் அங்கேயே பதித்தார். இன்று உலகின் பெரும்பாலான நீதிமன்றங்கள் உச்சரிக்கும் இந்நெறி, அழைப்பாணைக்குத் தப்பி ஒளிபவனைப் பற்றிய சட்டத்தின் உரையில் இடம்பெற்றது என்பது எண்ணியெண்ணி வியக்கத்தக்கது. ஒளிந்தவன் ஒளிந்ததனாலேயே குற்றவாளியாகிவிட மாட்டான். கடன், அவமானம், அச்சம், முன்பொரு நீதிமன்றத்தில் பட்ட அனுபவம் எனப் பலவும் ஒருவரைக் கதவைத் தாழிட வைக்கும்.

ரோமானியச் சட்டம் இதே சிக்கலை இறையியல் துணையின்றி அணுகியது. ஒருவருக்குத் தம் வீடே மிகவும் பாதுகாப்பான புகலிடமாதலால், அங்கிருந்து அவரை வழக்குக்கு அழைப்பது வன்முறை போன்றது என்று பலரும் கருதியதாகச் சட்ட அறிஞர் காயஸ் குறிப்பிடுகிறார். ஆனால் குளியற்கூடத்திலும் அரங்கிலும் அழைக்கத் தடையில்லை. ஒளிந்திருந்து வழக்காட மறுப்பவருடைய சொத்தை எதிரியின் பொறுப்பில் விடுவதே அவருக்குப் போதுமான தண்டனை என்று கூறும் மற்றொரு சட்ட அறிஞரான பவுலஸ், அவரே தம்மை அணுக இடம் கொடுத்தாலோ, பொது இடத்திலிருந்து பார்க்கும்போது அவர் கண்ணில் பட்டாலோ, அழைப்பது முறையே என்று மூத்த அறிஞர் யூலியானுஸின் கருத்தையும் சேர்த்துச் சொல்கிறார். தெருவில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு எட்டுவதே எல்லை என்பது இதன் பொருள். ஆனால் ஒரே கண் நாள்தோறும் அதே வாசலைப் பார்த்துக் குறிப்பெடுக்கும்போதும், பல தெருக்களின் கேமராக்கள் கண்டவை ஓரிடத்தில் தொகுக்கப்படும்போதும், தனித்தனியே பொதுவில் தெரிந்தவை ஒன்றுசேர்ந்து, பொதுவில் எவருக்கும் தெரியாத ஒரு வாழ்க்கையை வெளிக்கொணர்ந்துவிடுகின்றன. யூலியானுஸின் எல்லை அங்கே போதாது.

இந்த இடத்தில் வழக்கமாக முன்வைக்கப்படும் வாதம், ஒளிபவர் நீதியை ஏய்க்கிறார், ஆகவே அந்தரங்கத்துக்கான உரிமையை அவரே கைவிட்டுவிட்டார் என்பதாகும். அது தவறான வாதம். ஏனெனில் ஒளிபவரால் வழக்கை நிறுத்திவைக்க முடியாதபடி சட்டம் நெடுங்காலமாகவே வழிசெய்து வைத்திருக்கிறது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இன் ஐந்தாம் கட்டளைப்படி, சம்மனை வாங்க மறுப்பவரின் வீட்டு வெளிக்கதவில் நகலை ஒட்டலாம். வேண்டுமென்றே தலைமறைவாக இருப்பவருக்கு நாளிதழ் விளம்பரத்தையும் நீதிமன்றம் ஆணையிடலாம். அதன்பின்னும் வராதவருக்கு எதிராக, எக்ஸ்பார்ட்டி எனப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வழங்கலாம். நியூயார்க் சட்டமும், நேரில் கொடுக்க உரிய முயற்சி செய்தும் இயலாதபோது, கதவில் ஒட்டி அஞ்சலிலும் அனுப்பினால் போதும் என்கிறது. ஆக, பிரதிவாதியின் கையிலேயே தாளைச் சேர்த்தாக வேண்டிய கட்டாயம் வாதிக்கு இல்லை. அப்படியிருந்தும் சட்டம் நேரடிச் சார்பையே முதலில் வலியுறுத்துவது எவருக்காக? பிரதிவாதிக்காகவே. அவர் செய்தியை உண்மையிலேயே அறிய வேண்டும், பேச வாய்ப்புப் பெற வேண்டும் என்பதற்காகவே அவரைத் தேடுவது கடமையாகிறது. வெறும் சடங்காகச் செய்யப்படும் அறிவிப்பு அறிவிப்பாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950-இல் மல்லேன் வழக்கில் கூறியதன் கருத்தும் இதுவே. ஒருவரின் நன்மைக்காகச் செய்யும் தேடலை, அவருக்கே தீங்காக முடியும் வழிகளில் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

தேடாமலிருப்பதன் கொடுமையும் சிறியதன்று. தாள்களை எவரிடமும் கொடுக்காமல் எறிந்துவிட்டு, கொடுத்ததாகப் பொய்ப் பிரமாணம் செய்யும் வழக்கத்துக்கு நியூயார்க்கில் சாக்கடைச் சார்பு என்றே பெயர். கடன் வசூல் வழக்குகளில் இதற்கு இரையானவர்களில் பெரும்பாலோர் எவருக்கும் ஒளியாத ஏழைகள். சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியபோதோ வங்கிக் கணக்கு முடக்கப்பட்டபோதோதான் தம்மீது வழக்கொன்று இருந்ததையே அவர்கள் அறிந்தனர். நியூயார்க் நகரம் 2010-இல் இயற்றிய சட்டம், தாள் கொண்டுசெல்பவர் ஒவ்வொரு முயற்சியின்போதும் தாம் இருந்த இடத்தையும் நேரத்தையும் மின்னணுக் கருவியால் பதிவுசெய்ய வேண்டும் என்று விதித்தது. இங்கே கண்காணிக்கப்படுபவர் அழைக்கப்படுபவரல்லர், அழைப்பைக் கொண்டுசெல்பவர். கண்காணிப்பைச் சட்டம் இவ்வளவு நேரிய முறையில் பயன்படுத்திய இடங்கள் அரிது.

இந்தியாவில், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸைப் பெற்றவர் திறந்தும் பார்த்ததை அதன் குறிகள் காட்டியதால், அதைச் சார்பாக ஏற்கலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இல் கருதியது. நீலக் குறியும் ஒரு சிறு கண்காணிப்புதான். ஆனால் அது அழைப்பு சென்று சேர்ந்ததை மட்டுமே சொல்கிறது, அவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்வதில்லை.

இதுவரை சொன்ன வாதம் ஓரிடத்தில் தடைப்படுகிறது. யூதச் சமயச் சட்டத்தில் மணமுறிவு என்பது கணவன் தன் விருப்பத்தோடு கெத் எனப்படும் விடுதலைச் சீட்டை மனைவிக்கு அளிப்பதால் மட்டுமே நிகழ்வது. நீதிமன்றம் தானே மணத்தை முறித்துவிட முடியாது. கணவன் தலைமறைவானால் அவள் அகுனா, அதாவது கட்டுண்டவள். மறுமணம் செய்ய இயலாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியவள். யூதர்களின் மணமுறிவு முழுவதும் சமய நீதிமன்றங்களின் கையில் இருக்கும் இஸ்ரேலில், மறுக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமத்தையும் வங்கிக் கணக்கையும் முடக்கவும் அவனைச் சிறையிலிடவும் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. நாட்டை விட்டு ஓடியவர்களைத் தேடிக் கண்டறிவதும் அந்நீதிமன்றங்களின் வேலையாகியிருக்கிறது. கதவில் ஒட்டிய தாள் அங்கே எவளையும் விடுவிக்காது. மாற்றுவழி இல்லாத இடத்தில் தேடல் பிரதிவாதியின் நன்மைக்கானது என்று சொல்ல முடியாது. கட்டுண்டவளின் விடுதலைக்காகவே அது நடக்கிறது. அத்தகைய வழக்கில் கண்காணிப்பின் எல்லை விரிவதை மறுப்பது, அவளுடைய இழப்பைக் கண்டும் காணாததுபோல் இருப்பதாகும். ஆனால் விரிவது அந்தக் கணவனைக் கண்டறியும் அளவுக்குத்தான். அவனுடைய புதிய வீட்டிலுள்ள குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பது அந்த அளவுக்குள் வராது.

ஒளிபவர்களுள் மறக்கக்கூடாத மற்றொரு வகையினர் உண்டு. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி ஓடிய பெண்ணும் முகவரியை மறைப்பவளே. குழந்தையின் பொறுப்புக் கோரி வழக்குப் போட்டு, அவளைத் தேட ஆளமர்த்தும் உரிமை அவனுக்கும் உண்டு. அமெரிக்காவில் 1991-இல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கி, பின்னர் பல மாநிலங்கள் பின்பற்றிய முகவரி மறைப்புத் திட்டம் இதற்கு அளித்த விடை, தோட்டத்து வினாவுக்கு மிக அண்மையில் நிற்கிறது: நியூயார்க் போன்ற மாநிலங்களில் அவளுக்கான நீதிமன்றத் தாள்களை மாநில அரசின் செயலர் அலுவலகமே பெற்று, அவளுக்கு அனுப்பிவைக்கிறது. அழைப்பு அவளைச் சேர்கிறது. அவள் எங்கே என்பது வழக்காடுபவனுக்குத் தெரியவருவதில்லை. அழைப்பையும் இருப்பிட அறிவையும் பிரிக்கவே முடியாது என்பவர்கள் இந்த ஏற்பாட்டுக்கு விடை சொல்ல வேண்டும்.

முயற்சி தோற்றதாக இன்று பிரமாணம் செய்பவர், எந்தெந்த நாளில் எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினார், அண்டை வீட்டாரிடம் என்ன கேட்டார் என்று எழுதுகிறார். வெற்றி பெற்றவர், யாரிடம் எப்போது எங்கே கொடுத்தார் என்பதை எழுதினால் பொதுவாகப் போதுமானது. அந்த இடத்தை அவர் எவ்வாறு அறிந்தார், எத்தனை நாள் பார்த்தார், எந்தப் பதிவை எவரிடமிருந்து வாங்கினார், தேடப்பட்டவரைத் தவிர வேறு யாரைப் பற்றிய செய்திகள் அதில் சிக்கின, அவை அழிக்கப்பட்டனவா என்பதையும் அதே பிரமாணத்தில் எழுதுமாறு நீதிமன்றம் கேட்க வேண்டும்; அழைக்கப்பட்டவர் முதல் நாளில் நீதிபதி முன் வந்து நிற்கும்போது, தாம் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பவும் அவருக்கு இடம் இருக்க வேண்டும்.